வளர்ந்தோரும் சாக்சபோனும்: தாமே கற்றல் பற்றிய ஒரு நோக்கு

இசைக்கருவிகளைப் பற்றி மக்களிடையே வழங்கும் கூற்றுக்களுட் சில, பாதி உண்மையாய் இருப்பதனாலேயே கேட்போரைப் பெரிதும் இடர்ப்படுத்துகின்றன. சாக்சபோன் கற்பதற்கு எளிதான வாத்தியம் என்பது அத்தகைய கூற்றுக்களுள் ஒன்றாகும். 1920களில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரத் தொழிற்சாலைகள் சஞ்சிகைகளில் வெளியிட்ட விளம்பரங்கள், ஒரு மணி நேரப் பயிற்சியிற் சுரவரிசையை வாசித்துவிடலாம் என்றும், மிகச் சில மாதங்களிற் பாண்ட் குழுவொன்றிற் சேர்ந்துகொள்ளலாம் என்றும் உறுதி கூறின. அக்காலத்து அமெரிக்காவில் இவ்வாத்தியத்தின் மீது எழுந்த மோகம் பெரிது. பியானோவுக்கும் குரலுக்கும் எழுதப்பட்ட தாள்களைப் பார்த்து வீட்டிலேயே வாசிப்பதற்கு ஏற்ற 'சி மெலடி' என்னும் வகை பெருந்தொகையாக விற்கப்பட்டது. அம்மோகம் தணிந்ததும் அவ்வகையின் உற்பத்தியும் பெரும்பாலும் நின்றுபோயிற்று.

விரல்களைப் பொறுத்தவரையில் அவ்விளம்பரங்கள் கூறியது பொய்யன்று. வாயையும் மூச்சையும் செவியையும் பொறுத்தவரையில் அது உண்மையன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே, வளர்ந்த ஒருவர் ஆசிரியரின்றி இவ்வாத்தியத்தைக் கற்கப் புகும்போது இடறி விழும் இடம் என்பது எமது கருத்து. இதனைக் கூறுவதற்கு எமக்குள்ள தகுதி மிகச் சிறியது. நாற்பத்து மூன்றாம் வயதிற் பழைய ஆல்டோ சாக்சபோன் ஒன்றை வாங்கி, நான்கு ஆண்டுகளாக மாலைதோறும் அதனோடு பொருது வருகின்றோம் என்பதே அத்தகுதி. ஆகவே இக்கட்டுரை வித்துவான் ஒருவரின் போதனையன்று. வழியிற் பாதி தூரம் கூட நடந்திராத ஒருவரின் குறிப்பெனக் கொள்ளத்தக்கது.

பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814 இற் பிறந்த அடோல்ப் சாக்ஸ் என்பவர், வாத்தியம் செய்வோரின் குடும்பத்திலே தோன்றியவர். 1842 இற் பாரிசிற் குடியேறிய அவர், தாம் உருவாக்கிய வாத்தியக் குடும்பத்துக்கு 1846 இற் காப்புரிமை பெற்றார். பித்தளையின் வலிமையும் மரக்குழலின் நெகிழ்ச்சியும் ஒருங்கே அமைந்த ஒலியொன்றை அவர் தேடினார். உடல் பித்தளையே ஆயினும், ஒலி பிறப்பது நாணலிற் சீவிய மெல்லிய தகட்டின் அதிர்வினால் ஆகையால், இது மரக்காற்று வாத்தியங்களின் வரிசையிலேயே வைத்து எண்ணப்படுகின்றது. 1857 முதலாகப் பாரிசு இசைக் கல்லூரியில் இராணுவ மாணவர்க்கு சாக்ஸ் இதனைக் கற்பித்து வந்தார். 1870 இல் அவ்வகுப்பு மூடப்பட்டது. அதே கல்லூரியில் மார்செல் மியூல் மீண்டும் அவ்வகுப்பை நடத்தத் தொடங்கியது 1942 இலேயே ஆகும்.

இடைப்பட்ட எழுபத்திரண்டு ஆண்டுகள் எமது பொருளுக்கு இன்றியமையாதன. வாத்தியத்துக்குச் சாக்ஸ் காப்புரிமை பெற்ற நகரத்தின் தலைமை இசைக் கல்லூரியிலேயே அதனைக் கற்பிப்பார் இல்லாதிருந்த அக்காலத்தில், இராணுவ வாத்தியக் குழுக்களும், நியூ ஓர்லியன்ஸ், நியூ யோர்க் நகரங்களின் நடனக் குழுக்களும் அதனைக் கைவிடவில்லை. வாசித்தவர்களுட் பலர் கிளாரினெற்றிலிருந்தோ வயலினிலிருந்தோ வந்து, தாமே தட்டித் தடவிக் கற்றவர்கள். நியூ ஓர்லியன்சிற் பிறந்த சிட்னி பெஷே ஏற்கெனவே தேர்ந்த கிளாரினெற் வாசிப்பாளர். 1919 இல் நிகழ்ந்த ஐரோப்பியப் பயணத்தைத் தொடர்ந்து இலண்டனிலே தங்கியிருந்த காலத்தில் நேரான சொப்ரானோ சாக்சபோன் ஒன்றை வாங்கிப் பழகி, அதனையே தமது முதன்மை வாத்தியமாக ஆக்கிக்கொண்டார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

பெஷேயைக் காட்டிலும் எம்மைப் போன்றோர்க்கு அணுக்கமானவர் எலீஸ் ஹோல் என்னும் அம்மையார். 1853 இற் பாரிசிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இவர், மருத்துவரான தம் கணவரின் ஆலோசனைப்படி, கேட்புத் திறன் குன்றத் தொடங்கிய நிலையில், நடுவயதிலே சாக்சபோனைக் கையிலெடுத்தார். பின்னர் பொஸ்டன் நகரில் இசைக்குழுவொன்றை நடத்தி, பிரெஞ்சு இசையாக்குநர் பலருக்குப் பணம் கொடுத்து இவ்வாத்தியத்துக்கென ஆக்கங்களை எழுதுவித்தார். அவர்களுள் டெபுசியும் ஒருவர். டெபுசி பணத்தைப் பெற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கிற் கடத்தினார். அம்மையாரைத் தம் கடிதங்களிலே கேலியும் செய்தார். அவ்வாக்கம், டெபுசி 1918 இல் மறைந்ததன் பின், ரோஜே-டியூகாஸ் என்பவரால் நிறைவு செய்யப்பட்டு 1919 இற் பாரிசில் அரங்கேறியது. இன்று சாக்சபோன் மாணவர் பயிலும் மேலைத்தேயச் செவ்விசை ஆக்கங்களுட் பழைமையான சில, நடுவயதில் ஊதத் தொடங்கிய ஒரு பெண்மணியின் பிடிவாதத்தாற் கிடைத்தவை. அவர் தேர்ந்த ஆசிரியரின் துணையைப் பெற்றிருந்தார் என்பதையும் மறைத்தலாகாது. தனியே கற்பவர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

விரல்கள் விரைவாகப் பழகுவதற்குக் காரணம் குழாயின் வடிவத்தில் இருக்கின்றது. சாக்சபோனின் குழாய் வாய்ப்புறம் ஒடுங்கியும் போகப்போக விரிந்தும் செல்லும் கூம்பு. கூம்புக் குழாயில் ஒலி மேற்கட்டைக்குத் தாவும்போது நேரே ஒரு ஸ்தாயி மேலேறுகின்றது. கிளாரினெற்றின் குழாயோ உருளை வடிவானது. அதில் ஒலி ஒரு ஸ்தாயியையும் கடந்து அதற்கு மேலுள்ள பஞ்சமத்திற் சென்று நிற்கும். ஆதலாற் கிளாரினெற் பயில்வோர் கீழ்ப்பகுதிக்கு ஒரு விரலமைப்பும் மேற்பகுதிக்கு வேறொன்றும் மனனஞ் செய்தல் வேண்டும். சாக்சபோனில் இடக்கைப் பெருவிரலால் ஸ்தாயிச் சாவியை அழுத்தினாற் போதும். அதே விரல்கள் மேல்ஸ்தாயியைத் தரும். இடக்கைச் சுட்டுவிரல் மாத்திரம் ஒரு சுரம்; நடுவிரலையுஞ் சேர்த்தால் அதற்குக் கீழ்ச்சுரம்; மோதிரவிரலையுஞ் சேர்த்தால் அதற்கடுத்தது; பின்னர் வலக்கை விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக. எமது பாடசாலைகளிற் சிறுவர் ஊதும் ரெக்கோடரைப் பழகியவர்க்கு இது புதிதன்று. நாமும் முதல் வாரத்திலேயே சுரவரிசையை ஏற்றியும் இறக்கியும் வாசித்தோம். அவ்வாரம் முழுவதும் எமக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போது நினைத்தாற் சிரிப்பு வருகின்றது. மூன்றாம் வாரத்தில் அந்த வாசிப்பைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்து கேட்டபோதுதான், சுரங்கள் எல்லாம் இருந்தன, இசை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்பது தெரிந்தது.

ஒலி பிறக்குமிடம் வாய். ஊதுவாயின் அடியில் நாணலாலான தகடு கவ்வியால் இறுக்கப்படுகின்றது. இதனை வாசிப்போர் ரீட் என்பர். நாகசுரச் சீவாளிக்கு நல்ல நாணல் தேடப்படுவது போலவே, இதற்கும் குறித்த வகை நாணல் வேண்டும். பிரான்சின் தெற்கிலுள்ள வார் பிரதேசத்து நாணல் இதற்குப் பேர்பெற்றது. நாகசுரத்தில் இரு தகடுகள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. சாக்சபோனில் ஒரு தகடே ஊதுவாயின் விளிம்பை நோக்கி அதிர்கின்றது. அதன் நுனி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு கனமுடையது. மேற்பற்கள் ஊதுவாயின் மேற்புறத்திற் படிய, கீழுதடு கீழ்ப்பற்களின் மேற் சிறிது மடிந்து ரீட்டைத் தாங்க, வாயின் ஓரங்கள் காற்று ஒழுகாது மூடிக்கொள்ளும். இதனை எழுதிவிடுவது எளிது. உதட்டின் எப்பகுதி எவ்வளவு அழுத்தம் கொடுக்கின்றது என்பதை எந்த நூலும் காட்ட முடியாது. படப்பதிவும் காட்ட முடியாது. ஏனெனில் அது வாய்க்குள்ளே நிகழ்வது.

வளர்ந்தோர் செய்யும் முதற்பிழை கடித்தலாகும். ஒலி தளரும்போது கீழ்த்தாடையை இறுக்கினால் அது உடனே நிமிர்கின்றது. அந்த உடனடிப் பயன் கற்போரை ஏமாற்றுகின்றது. கடிக்கக் கடிக்க ரீட்டின் அதிர்வு ஒடுங்கி, ஒலி மெலிந்து, மேற்சுரங்கள் சுருதிக்கு மேலே ஏறுகின்றன. உள்ளுதட்டிற் பல்தடம் பதிந்து புண்ணாகின்றது. இரண்டாவது பிழை, ரீட்டைத் தேர்வதிற் காட்டும் பெருமை. ரீட்டுக்கள் விறைப்பின்படி எண்ணிடப்பட்டு விற்கப்படுகின்றன. தொடங்குவோர்க்கு 2 அல்லது 2½ ஏற்றது. தேர்ந்தவர் 3½ வாசிக்கின்றார் என்று எங்கோ படித்துவிட்டு நாமும் 3 ஐ வாங்கினோம். ஒரு மாதம் காற்றின் இரைச்சலையே வாசித்தோம்.

கருவியின் குறையைத் தம் குறையாகக் கொள்ளுதல் தனியே கற்பவர்க்கே உரிய ஒரு துன்பம். எமது வாத்தியம் பழைய பொருட்கள் விற்கும் ஒருவரிடம் வாங்கப்பட்டது. எல்லாம் சரியாக இருக்கின்றது என்று அவர் உறுதி கூறினார். நடுப்பகுதிச் சுரங்கள் எப்படியோ வந்தன. வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கீழே இறங்கும்போது ஒலி நடுங்கிப் பிளந்தது. கடைசி மூன்று சுரங்கள் வரவேயில்லை. எமது மூச்சின் வலுவின்மையே காரணம் என்று எண்ணி மூன்று மாதங்கள் மூச்சுப் பயிற்சி செய்தோம். வாயை மாற்றினோம், ரீட்டை மாற்றினோம், ஒருமுறை கைவிட்டுவிடுவது என்றும் முடிவு செய்தோம். இறுதியில், பாண்ட் வாத்தியங்களைத் திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் ஊதிப் பார்க்கவில்லை. அறையின் கதவை மூடி, கயிற்றிற் கட்டிய சிறு மின்குமிழைக் குழாய்க்குள் இறக்கி, சாவிகளை ஒவ்வொன்றாக மூடினார். மூடிய மூடிகளின் ஓரத்தில் நான்கு இடங்களில் ஒளிக்கீற்று வெளியே தெரிந்தது. சாக்சபோனில் இருபதுக்கு மேற்பட்ட துளைகள் தோல்மெத்தை பதித்த மூடிகளால் மூடப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மயிரிழையளவு பொருந்தாவிடினும் அதற்குக் கீழுள்ள சுரங்கள் யாவும் கெடும். மெத்தைகளை மாற்றிய அன்றே கீழ்ச்சுரங்கள் மூன்றில் இரண்டு வந்தன. வாத்தியம் வாங்கும் எவரும், முதற் சுரத்தை ஊதுவதற்கு முன்னரே அதனைத் திருத்துநர் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயாம். எம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் மெத்தைகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வாசித்து முடிந்ததும் குழாயினுட் துணியை இழுத்து ஈரத்தை எடுப்பதையும், ஒட்டும் மூடியின் கீழ் மெல்லிய தாளை வைத்து ஒற்றுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளல் நன்று.

தன்னைத் தானே சோதிக்கும் வழிகள் சில இவ்வாத்தியத்திலேயே உள்ளன. அவற்றுள் எமக்குப் பெரிதும் உதவியது ஊதுவாய்ச் சோதனை. ஊதுவாயையும் ரீட்டையும் மாத்திரம் கழற்றியெடுத்து ஊதினால், ஆல்டோவில் அது செக்கனுக்கு 880 அதிர்வுகளையுடைய ஏ சுரத்தை ஒட்டி ஒலித்தல் வேண்டும் என்பது செவ்விசை ஆசிரியர் பலர் கொள்ளும் அளவு. ஜாஸ் வாசிப்போர் அதனினும் தாழ்வாகவே ஊதுவர். அதற்கு மேலே ஒலிப்பின் தாடை கடிக்கின்றது என்பது உறுதி. சுருதியைக் காட்டும் கருவி இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றது. முதன்முறை சோதித்தபோது எமது ஊதுவாய் அவ்வளவினின்றும் ஏறக்குறைய இரண்டு சுரம் மேலே நின்றது. அதனை இறக்குவதற்கு ஐந்து மாதங்கள் சென்றன. ஐந்து மாதங்களிலும் நாம் செய்தது நீண்ட ஒலிகளை ஊதுதல் ஒன்றே: ஒரு சுரத்தைத் தேர்ந்து, மெலிதாகத் தொடங்கி, வலுப்படுத்தி, மீண்டும் மெலிவித்து, ஒரு மூச்சு முடியும்வரை அசையாது நிறுத்துதல். கேட்பதற்கு இதைக் காட்டிலும் சலிப்பூட்டுவது வேறில்லை. ஆயின், வாய்த்தசை உருப்பெறுவது இதனாலேதான்.

பிள்ளைகள் இச்சலிப்பை ஆசிரியரின் அச்சத்தாற் பொறுத்துக்கொள்கின்றனர். வளர்ந்தவர்க்கு அவ்வச்சமில்லை, அவர்க்கு வேறொரு துன்பம் உண்டு. அவர் முப்பது நாற்பது ஆண்டுகள் நல்ல இசையைக் கேட்டிருக்கின்றார். ஆகவே தம் வாயிலிருந்து வருவது எவ்வளவு தாழ்ந்தது என்பதை முதல் நாளிலேயே அறிகின்றார். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தான் எழுப்பும் சத்தமே மகிழ்ச்சி. நாற்பது வயதினர்க்கு அது வெட்கம். வளர்ந்தோர் இடைநடுவிற் கைவிடுவதற்கு நேரமின்மையும் மூச்சின்மையும் காரணமாகக் கூறப்படுகின்றன. எமது அனுபவத்தில் இவ்வெட்கமே முதற்காரணம். ஆயினும் அதே செவியே அவர்க்குள்ள முதலும் ஆகும். ஆசிரியர் இல்லாத இடத்தில், எது சரி எது பிழை என்று கூறவல்லது அது ஒன்றே. அதனை வாசிக்கும் நேரத்திற் பயன்படுத்த இயலாது. வாசிக்கும்போது மனம் விரலிலும் மூச்சிலும் சிக்கியிருக்கும். பதிவு செய்து, ஒரு நாள் கழித்து, பிறர் வாசிப்பைக் கேட்பது போலக் கேட்டாற் செவி தன் வேலையைச் செய்யும். அன்றைக்கே கேட்பது பயனற்றது.

ஒலிப்பதிவை ஆசிரியராகக் கொள்ளும் முறை இவ்வாத்தியத்தில் நெடிய வரலாறு உடையது. 1920 இற் பிறந்த சார்லி பார்க்கர், கன்சாஸ் நகரில் இளைஞராய் இருந்தபோது மூத்த கலைஞர் முன்னிலையில் வாசிக்கப் புகுந்து அவமானப்பட்டார். 1937 கோடைகாலத்தில் ஓசார்க் மலைப்பகுதியில் நடனக்குழுவொன்றில் வேலை செய்தபோது, லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுக்களைக் கொண்டு சென்று, அவற்றிலிருந்த வாசிப்புக்களைச் சுரம் சுரமாகச் செவியாற் கற்றார். திரும்பி வந்தபோது அவர் வேறு மனிதர். மூன்று நான்கு ஆண்டுகள் நாளொன்றுக்குப் பதினொன்று முதற் பதினைந்து மணி நேரம் பயின்றதாகவும், அயலவர் தம் தாயாரை வீடுமாறச் சொல்வதாக அச்சுறுத்தியதாகவும் 1954 இல் வானொலி நேர்காணலொன்றில் அவர் கூறினார். அந்நேரக் கணக்கு எமக்குரியதன்று. தொழிலும் குடும்பமும் உடையவர் நாளொன்றுக்கு இருபத்தைந்து நிமிடங்கள் பெற்றாற் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஊதுவதைக் காட்டிலும் அது மேலானது. களைத்த உதடு கடிக்கத் தொடங்கும். கடித்துக்கொண்டே செய்யும் பயிற்சி கடித்தலையே பயிற்றும். பார்க்கரிடமிருந்து கொள்ளத்தக்கது அவர் செவியாற் கற்ற முறை. ஒரு மெட்டின் இரண்டே அடிகளை எடுத்து, முதலில் வாயாற் பாடி, பாடியதையே வாத்தியத்தில் தேடுதல். பாட முடியாததை ஊத முடிவதில்லை.

தனியே கற்பவரைக் குழப்பும் மற்றொன்று, எழுதிய சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறாயிருத்தல். ஆல்டோவில் சி என்று எழுதியதை வாசித்தால் பியானோவின் ஈ பிளாட் ஒலிக்கும்; டெனரில் பி பிளாட் ஒலிக்கும். ஒரு வகையைப் பழகியவர் அதே விரல்களால் மற்றவற்றையும் வாசிப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. பெரும்பாலும் தாமே கற்ற ஓர்னெட் கோல்மன், 1940களில் டெக்சாசில் இளைஞராய் ஆல்டோ பயின்றபோது, எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள இத்தொடர்பைப் பிழையாக விளங்கிக்கொண்டு சில காலம் அப்படியே வாசித்ததாகப் பின்னாளிற் கூறியுள்ளார். அருகில் ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பின் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் ஐயம் அது. கோல்மன் அப்பிழையையும் கடந்து ஜாஸ் இசையின் போக்கையே மாற்றினார். எல்லாருடைய பிழையும் அவ்வாறு முடிவதில்லை. எம்மவர்க்கு இவ்விடயத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆதார ஷட்ஜத்தை எக்கட்டையிலும் வைத்துப் பாடும் மரபிற் செவி பழகியவர்க்கு, சி எனப்படுவது இடத்துக்கிடம் மாறும் என்பதில் வியப்பு ஏதும் இல்லை.

அம்மரபிலே கமகமும் உண்டு. வாத்தியம் எம்மைக் கைவிடும் இடம் அதுவே. நாகசுரத்திலும் புல்லாங்குழலிலும் விரல் நேரே துளையின் மேலிருக்கின்றது. துளையைப் பாதி திறந்தும் மெல்ல வழுக்கியும் இரு சுரங்களுக்கு இடைப்பட்ட இடமெல்லாம் சென்றுவரலாம். சாக்சபோனில் விரலுக்கும் துளைக்கும் இடையே சாவியும் நெம்புகோலும் மெத்தையும் நிற்கின்றன. மூடி ஒன்றிற் திறந்திருக்கும், அன்றேல் மூடியிருக்கும். 1994 இல் வெளிவந்த டூயட் திரைப்படத்தின் வாயிலாகத் தமிழ்க் கேட்போர் பலர்க்கு இவ்வாத்தியத்தை அறிமுகஞ் செய்த கதிரி கோபால்நாத், இத்தடையை எதிர்கொண்டவர். 1949 இல் தென் கன்னட மாவட்டத்தில் நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த இவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவிற் சாக்சபோனைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். மங்களூரிற் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் கருநாடக இசை பயின்றார். வாத்தியத்திலே சில மாற்றங்களைச் செய்துகொண்டும், உதட்டாலும் தொண்டையாலும் சுரத்தை வளைத்தும் கமகங்களைப் பெற்றார். 2019 இல் அவர் மறையும்வரை நிகழ்த்திய கச்சேரிகளைக் கேட்டவர்க்கு, அது எத்தனை ஆண்டு உழைப்பு என்பது விளங்கும். அவரைத் தாமே கற்றவர் என்று சிலர் கூறுவர். இசையை அவர் குருமாரிடமே கற்றார். அவ்விசையைப் பித்தளைக் குழாய்க்குட் புகுத்தும் வழியையே பெரும்பாலும் தாமாகக் கண்டார். இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

எலீஸ் ஹோலிடமிருந்தும் கோபால்நாத்திடமிருந்தும் நாம் பெறும் செய்தி ஒன்றே. தாமே கற்றல் என்பது எவரையும் அணுகாது கற்றல் என்று பொருள்படாது. எமது முதலாண்டிலே நாம் ஆசிரியரை நாடாதிருந்தது வறுமையால் அன்று, வெட்கத்தால். இரண்டாம் ஆண்டிற் பொலிஸ் வாத்தியக் குழுவிலிருந்து ஓய்வுபெற்ற கிளாரினெற் கலைஞர் ஒருவரிடம் மூன்று மாலைகள் மாத்திரம் சென்றோம். முதல் மாலையில் எமது வாயைப் பார்த்தவுடன், "தம்பி, தலையை வாத்தியத்துக்குக் கொண்டு போகாதையும்; வாத்தியத்தை வாய்க்குக் கொண்டு வாரும்" என்றார். கழுத்துப் பட்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினார். அவ்வளவே. ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் எடையுள்ள வாத்தியத்தைத் தாழத் தொங்கவிட்டு, அதற்காகக் குனிந்து, தொண்டையை மடித்துக்கொண்டு ஓராண்டு ஊதியிருந்தோம். எந்தப் பதிவும் இதனை எமக்குக் காட்டியிருக்க மாட்டாது. பதிவுக்கு ஒலி தெரியும், முதுகு தெரியாது. முழுநேர ஆசிரியர் கிடையாதவிடத்து, ரீட் வாத்தியம் எதனையேனும் வாசிப்பவரிடம் தொடக்கத்தில் ஒருமுறையும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் காட்டிக்கொள்ளுதல் போதுமானது என்று கருதுகின்றோம்.

அயலவரைப் பற்றியும் ஒரு சொல். இவ்வாத்தியத்தை மெதுவாக ஊதுதல் கற்றவர்க்கே கைகூடும். தொடங்குவோர் ஊதினால் தெருமுனைவரை கேட்கும். விரிந்த வாய்க்குள் துணியை அடைப்பதாற் பயனில்லை. ஒலி திறந்த துளைகள் வழியாகவே பெரும்பாலும் வெளியேறுகின்றது, அடைப்பது கீழ்ச்சுரங்களை மாத்திரம் கெடுக்கும். அக்காலத்திலேயே புகழ்பெற்றிருந்த சொனி ரொலின்ஸ், 1959 இல் மேடையை விட்டு விலகி, நியூ யோர்க்கின் வில்லியம்ஸ்பேர்க் பாலத்தின் மீது ஏறத்தாழ ஈராண்டுகள் தனியே பயின்றதற்கு, அயல்வீட்டார்க்கு இடையூறு செய்யலாகாது என்ற எண்ணமும் ஒரு காரணம். எமக்குப் பாலம் கிடைக்கவில்லை. உடுப்பு அலுமாரியின் கதவுகளைத் திறந்து, தொங்கும் சேலைகளை நோக்கி நின்று ஊதுகின்றோம். ஆறு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிடுவோம் என்று மேல்மாடியாருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கின்றோம். முடிவு நேரம் தெரிந்தால் மனிதர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றனர்.

முதலாண்டின் பதிவுகள் யாவற்றையும் அழிக்காது வைத்துள்ளோம். திருத்துநர் மெத்தைகளை மாற்றிய பின்னும் வராதிருந்த மூன்றாவது சுரம், வாத்தியத்தின் அடியிலுள்ள கடைசிச் சுரமாகிய பி பிளாட், பதினான்காம் மாதத்துப் பதிவொன்றில் நடுக்கமின்றி ஐந்து செக்கன்கள் கேட்கின்றது. மறுநாட் பதிவில் அது இல்லை. மூன்றாம் நாட் பதிவில் மீண்டும் இருக்கின்றது.